இடது முழங்கால்

என் இடது முழங்காலை
ஒட்டிலி ஹாஸ்பெர்க் ஏழு முறை செய்தாள்.
ஆறு முறை பிசைந்து வாளியில் எறிந்தாள்.
ஏழாவதும் சரியில்லை என்றுதான் சொன்னாள்,
ஆனால் அன்றைக்கு வெளிச்சம் தீர்ந்துவிட்டது.

ஹாலே நகரம், ஸாலே ஆற்றங்கரை.
குதிரை லாயமாக இருந்த இடம் அவள் பட்டறை.
ஒரு மணி நேரம் நின்றால் நாற்பது ஃபெனிக்,
கையில் காசில்லாத வாரங்களில்
உருளைக்கிழங்கு.
நான் டிராம் கம்பெனியில் வண்டி கழுவுகிறவள்.
நிற்பது எனக்கொன்றும் புதிதில்லை,
நிற்பதற்கே கூலி என்பதுதான் புதிது.

ஒரு ஷூவைக் கழற்றிக்
கையில் பிடித்தபடி நிற்கச் சொன்னாள்.
"கடைசி டிராமைத் தவறவிட்டவள் நீ."
"அழட்டுமா?"
"வேண்டாம். கால் வலிக்கட்டும், போதும்."

வலித்தது.

அவள் என்னைப் பார்த்ததாகவே நினைவில்லை.
உடம்பின் பாரம் எந்த வழியாகத் தரைக்கு இறங்குகிறது
என்று பார்த்தாள்,
கூரை ஒழுகும் வீட்டில் தண்ணீரின் தடம் தேடுகிறவளைப் போல.
மாலையில் மண்ணின் தோள்மேல் ஈரச் சாக்கைப் போர்த்துவாள்,
மூக்கை மட்டும் வெளியே விட்டு.
இல்லாவிட்டால் அதற்கு மூச்சு முட்டுமாம்.
நடுங்கிக்கொண்டிருந்த எனக்கு ஒரு போர்வை தர
ஒருநாளும் அவளுக்குத் தோன்றியதில்லை.

வெண்கலமாக்கி டிப்போ வாசலில் நிறுத்தினார்கள்.
முதல் ஷிப்ட்டுக்குப் போகிறவர்கள்
வெறுங்காலின் கட்டைவிரலைத் தொட்டுவிட்டுப் போக,
அது மட்டும் பொன்னாகிப்போனது.
அது நான் என்று யாருக்கும் தெரியவில்லை,
சக்கரங்களுக்கு எண்ணெய் போடும் ஒருவனைத் தவிர.
அவன் முழங்காலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
மறுபடி முழங்காலைப் பார்த்தான்.
அவனைத்தான் கட்டிக்கொண்டேன்.

நாற்பத்திரண்டில் உலோகம் கேட்டு வந்தார்கள்.
கோயில் மணிகள் போயின, கதவுக் கைப்பிடிகள் போயின.
ஆண்கள் கிழக்கே போயிருந்ததால்
டிராம் ஓட்டுவது அப்போது நான்.
சந்தைச் சதுக்கத்து வளைவில்
எதிரே வந்தது ஒரு குதிரை வண்டி.
அதன்மேல், கயிற்றால் கட்டப்பட்டு, குப்புற,
நான்.

மணியை அடித்தேன்.
வண்டிக்காரன் ஒதுங்கி வழி விட்டான்.
பின்னால் யாரோ
சில்லறைக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் ஒட்டிலியிடம் போய்ச் சொன்னேன்.
"முகம் மேலேயா, கீழேயா?"
"கீழே."
"நல்லது."
பிறகு ஒரு மணி நேரம் உளிகளைத் துடைத்தாள்.
அவற்றில் அழுக்கே இல்லை.

வார்ப்புக்கு முன் செய்த பிளாஸ்டர் உருவம்
நிலவறையில் இருந்தது.
குண்டுக்குப் பயந்து அங்கே ஒளிந்தவர்கள்
அதைத் தாங்கிய மரச்சட்டங்களை உடைத்து
அடுப்பெரித்தார்கள்.
குளிர் அப்படி. யாரையும் குறை சொல்வதற்கில்லை.
நிலக்கரித் தூளிலிருந்து நாங்கள் தோண்டி எடுத்ததில்
முழுசாக இருந்தது முழங்கால் ஒன்றுதான்.
எண்ணெய்க்காரன் திரும்பி வரவில்லை.

ஐம்பத்தொன்றில் நகரசபையின் கடிதம் வந்தது:
சம்மட்டி ஏந்திய தொழிலாளி தேவை,
உயரம் மூன்று மீட்டர்,
பார்வை எதிர்காலத்தின் மீது.
அதற்குள் முடக்குவாதம் அவள் விரல்களைப் பூட்டியிருந்தது.
முழங்காலைச் செய்தித்தாளில் சுற்றி
ஒரு சீட்டோடு அனுப்பினாள்:
"எனக்குத் தெரிந்த தொழிலாளியின் உடம்பில்
மிச்சம் இவ்வளவுதான்."
மூன்றே நாளில் முழங்கால் திரும்பி வந்தது.
சீட்டை அவர்கள் வைத்துக்கொண்டார்கள்.

அதன்பின் அவளுக்கு யாரும் வேலை தரவில்லை.
சாகிறதற்கு முந்தின வாரம்
அதை என் மடியில் வைத்து,
"ஏழாவதும் சரியில்லை" என்றாள்.

இப்போது அது என் சமையலறையில்
முட்டைக்கோஸ் ஜாடியின் மூடிமேல் உட்கார்ந்திருக்கிறது.
எடைக்கு எடை, வேறு கல் தேட வேண்டியதில்லை.
மழைக்கு முந்தின இரவில் என்னுடையது வலிக்கும்போது
அதைத் தொட்டுப் பார்ப்பேன்.
மடிப்புக்குச் சற்றுக் கீழே
ஒரு கட்டைவிரல் ரேகை இருக்கிறது,
துடைக்க மறந்தாளோ, வேண்டுமென்றே விட்டாளோ.

கோஸ் புளிக்க இன்னும் ஒன்பது நாள் ஆகும்.