அமுக்கு, பிடி

கெத்தை இறக்கம், பதினேழாம் வளைவில்
முட்டைகோஸ் வாடையை முந்திக்கொண்டு
லைனிங் கருகும்.
நான் கண்ணாடியை இறக்குவேன்,
அவர் கியரை இறக்குவார்.
பேச்சு, காரமடை வந்த பிறகுதான்.

இன்று மஞ்சூர் ஒர்க்‌ஷாப்பில்
சுத்தியலுக்குத்தான் டிரம் இளகியது.
உள்ளே பதினோரு வருடக் கருந்தூள்,
ரிவிட் தெரியத் தேய்ந்த ஷூ.
"இதை நம்பியா இறங்கினீங்க?" என்றான் யூனுஸ்.
பதில் சொல்லாமல் டீ வாங்கப் போனார்.

கோவையில் கடைந்த பிராக்கெட்
ஒரு நூல் தள்ளி உட்கார்ந்தது.
அரம் போட்டு ராவினான், மத்தியானம் முழுக்க.
பிறகு தட்டு, காலிபர், புது ஹோஸ்.

டிரைவர் சீட்டில் என்னை ஏற்றினார்கள்,
முதல்முறையாக.
அமுக்கு. பிடி.
வண்டிக்கடியில் நிப்பிள் திறக்க
பாட்டிலுக்குள் குமிழ், குமிழ்.
அடைச்சாச்சு, விடு.
அமுக்கு.
பிடி.
பஞ்சாயிருந்த பெடல்
பாதத்துக்கடியில் கொஞ்சம் கொஞ்சமாய்க் கல்லானது.
இறங்க மனமில்லை.

"ஹேண்ட்பிரேக் கேபிள் மட்டும் இதுல மாட்டாதுக்கா,
அதுக்கு வேற காலிபர் வரணும்."

இனி வேண்டாமென்று காலையில்
அவர் சாக்கடையோரம் எறிந்த
கற்பூரமரக் கட்டையை
நானே தேடி எடுத்து வந்து
பின்சக்கரத்துக்கு அண்டை கொடுத்தேன்.

தூறல் பிடித்திருந்தது.
பளபளத்த தட்டில்
அதற்குள் ஒரு துளி செம்பழுப்பு.