பதினேழாம் சில்லு

எர்சுரூமில் முதல் பனி.
நோயியல் துறையில் நானும்
நுண்ணோக்கியின் மஞ்சள் விளக்கும்.
நாற்பத்திரண்டு கண்ணாடிச் சில்லுகள்,
எண் மட்டும் எழுதியவை.
எதற்கு நஞ்சு, எதற்கு நஞ்சோடு காப்பு,
எதற்கு வெறும் உப்புநீர் என்பதை
ஃபெர்ஹுந்தே ஓர் உறையில் ஒட்டி
இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள்.

என் வேலை எண்ணுவது.
செத்த குழாய் எத்தனை, பிழைத்த குழாய் எத்தனை.

சிஸ்பிளாட்டின் போய்வந்த சிறுநீரகம்
வெள்ளம் வடிந்த தெரு.
சுவர் உதிர்ந்து, வழியடைத்து, இளஞ்சிவப்புச் சேறு.
உட்கரு இல்லாத செல்கள்
கதவு திறந்தே கிடக்கின்றன.

அதே மருந்துதான்
முற்றத்துக்கு அப்பால் மூன்றாம் மாடியில்
என் கணவரின் அண்ணன் நுஸ்ரெத்தின் கைக்குள்
சொட்டிக்கொண்டிருக்கிறது.
நுரையீரல் கட்டியைக் கொல்லப் போகிற வழியில்
வேறு எதையெல்லாம் இடிக்குமோ.
"இன்று கிரியாட்டினின் எவ்வளவு?" என்பார்
கோல் கணக்குக் கேட்கிற குரலில்.

இணை இழந்த எலக்ட்ரான்
அகப்பட்ட சவ்வைக் கவ்வும்.
கவ்வப்பட்டது அடுத்ததைக் கவ்வும்.
குறுக்கே வந்து நிற்பது
சந்தையில் காலில் மிதிபடும்
வெங்காயத் தோலின் மஞ்சள். குவர்செட்டின்.
அதற்குச் சண்டை தெரியாது.
தன்னிடமிருந்து ஒன்றைப் பிய்த்துக் கொடுக்கும்.
அந்தக் குறையை வளையத்து அணுக்கள்
கொஞ்சம் கொஞ்சமாய்ப் பகிர்ந்துகொள்ள
யாருக்கும் வலிக்காது.
ஏறத்தாழ யாருக்கும்.

பதினேழு.
குழாய்களின் உள்விளிம்பு
அறுக்காத புல்லாய் நிற்கிறது.
இரண்டு போயிருக்கிறது. மூன்று. சரி, நான்கு.
மற்றவை இடம்விட்டு நகரவில்லை.
உறையைப் பிரிக்கலாமா என்றது கை.
பிரிக்கவில்லை.
பதினெட்டு: சேறு.
பத்தொன்பது: சேறு.
என் கையுறையைக் கடித்த எலி
இவற்றில் எதுவென்று தெரியவில்லை.
நன்றாகவே கடித்தது.

நாளை நுஸ்ரெத் கேட்பார்,
வெங்காயம் தின்றால் போதுமா என்று.
எலிக்குக் கொடுத்த கணக்குக்கு
உங்கள் வண்டி நிறைய ஏற்ற வேண்டும் என்பேன்.
பத்தொன்பது வருஷம் டோல்முஷ் ஓட்டியவர்,
எத்தனை மூட்டை பிடிக்கும் என்று
மனசுக்குள் போட்டுப் பார்ப்பார்.

சொல்லாமல் விடுவது:
குழாய்க்குக் கொடுத்த கை
கட்டிக்கும் கொடுக்குமோ என்பது.
அதற்கு முகம் பார்க்கத் தெரியாது.
எங்களுக்கும் இன்னும் தெரியாது.

மூன்றாம் மாடியில் விளக்கு எரிகிறது.
இருபதாம் சில்லை எடுத்து வைத்து
குமிழைத் திருகுகிறேன்.
பிழைத்தவை: ஐந்து, ஆறு,
ஏழு