சுவருக்கு இந்தப் பக்கம்

ஐந்து ரோட்டுப் பக்கம் ஒரு தியேட்டர்.
அதன் பின்சுவரை ஒட்டி என் நாற்காலி.
டூவீலருக்கு இருபது, ஹெல்மெட்டுக்குத் தனியாக ஐந்து.
நாளைக்கு நாலு காட்சி.
நான் படம் பார்ப்பதில்லை, கேட்கிறேன்.
ஆனாலும் என்னிடம் கருத்து உண்டு,
காசு கொடுத்துப் பார்த்தவர்களைவிடக்
கொஞ்சம் அதிகமாகவே.

முதலில் பாட்டு.
சுவர் டிரம்மை மட்டும்தான் விடும்,
புல்லாங்குழலை அங்கேயே பிடித்து வைத்துக்கொள்ளும்.
இப்போது வருகிற பாட்டெல்லாம்
இந்தப் பக்கமும் முழுசாக வந்து சேர்கிறது.
“சுவராலயே தடுக்க முடியலை பாருக்கா” என்று மெச்சுகிறான்
கேன்டீனில் பப்ஸ் விற்கிற அய்யந்துரை.
பிடித்து வைக்கிற மாதிரி அதில் என்னடா இருக்கிறது?

போன ஆவணியில் ஒரு படம்.
அதில் ஒரு பாட்டுக்கு இங்கே சத்தமே இல்லை.
கரண்ட் போய்விட்டதோ என்று
எக்ஸிட் கதவின் அடி இடுக்கில் காதை வைத்தேன்.
ஒரு பொம்பளைக் குரல்,
பக்கத்து வீட்டில் யாரோ அரிசி களைந்துகொண்டே
தனக்குத்தானே பாடுகிற மாதிரி.
பதினோரு நாள் ஓடியது.
பதினோரு நாளும் மேட்னி முடிந்தால்
என் சேலையில் முழங்கால் இரண்டிலும் தூசி.

படம் எப்படி என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை.
மட்டமான படமென்றால்
டோக்கனைக் கையில் பிடித்தபடியே வருவார்கள்.
ஒரே உதை, குரங்குச்சாவடி தாண்டியிருப்பார்கள்.
நல்ல படமென்றால்
வண்டியை எங்கே விட்டோம் என்பதே மறந்துபோகும்.
மெய்யனூர்க்காரர் ஒருவர்
அடுத்தவர் வண்டியில் ஏறி உட்கார்ந்து
தன் சாவியை ஐந்து நிமிடம் திருகிக்கொண்டிருந்தார்.
எனக்குச் சொல்ல மனசு வரவில்லை.

விவசாயிக்காக ஹீரோ பேசுகிற பத்து நிமிடத்தில்
சிகரெட் பிடிக்க வெளியே வருகிறவர்களில் பாதிப்பேர்
காடு வைத்திருப்பவர்கள்.
மல்லூர், பனமரத்துப்பட்டி.
குச்சிக்கிழங்கு மூட்டை என்ன விலை போகிறது என்று
பேசிக்கொண்டிருப்பார்கள்.
உள்ளே கைத்தட்டல் கேட்கும்.

காமெடி.
பொண்டாட்டியை அறைகிற ஜோக்குக்கென்று
ஒரு சிரிப்பு இருக்கிறது.
எல்லாம் ஒரே கனம், ஒரே நீளம்,
கத்தரித்து வைத்த துணி மாதிரி.
ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தச் சிரிப்பு அடங்கும் முன்பே
ஒரு பெண் வந்து டோக்கனை நீட்டினாள்.
இருநூற்றுப் பதினாலு.
“படம் பிடிக்கலையா?”
“தலைவலிக்கா.”
“கூட வந்தவரு?”
“நடந்து வரட்டும்.”

அவள் வண்டி திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.
மறைக்காமல் சொல்வதென்றால்,
அதே ஜோக்குக்கு வெள்ளிக்கிழமை நானும் சிரித்திருந்தேன்.
குரல் அப்படி. டைமிங் அப்படி.
தப்பு என்று மண்டைக்குத் தெரிகிறது,
வயிறு அதற்கு முன்பே குலுங்கிவிடுகிறது.

எனக்குப் பிடித்தவன் வேறொருத்தன்.
பேசவே மாட்டான் போல.
இந்தப் பக்கம் சுத்தமாக அமைதி.
ஏழு எண்ணுவேன், எட்டில்
முந்நூறு பேர் வெடிப்பார்கள்.
என்ன செய்கிறான் என்று தெரியாமலே
மூன்று வாரம், தினமும் நாலு தடவை
எனக்கொரு சந்தோஷம்.

கடைசி நாள் அய்யந்துரையை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு
உள்ளே போய் ஓரமாக நின்றேன்.
சாவு வீடு. கூட்டம்.
குடித்து முடித்த டீ கிளாஸை
எங்கே வைப்பது என்று இடம் தேடுகிறான்.
அவ்வளவுதான்.
ஒன்று. இரண்டு. மூன்று.
ஆறிலேயே நான் சிரித்துவிட்டேன்,
சத்தமாக, தன்னந்தனியாக.
முன்னால் இருந்தவர் திரும்பிப் பார்த்து
மனைவியிடம் சொன்னார்:
“ஏற்கெனவே பார்த்திருக்கும் போல.”
இல்லைங்க என்று வாயெடுத்தேன்.
அதற்குள் எட்டு வந்துவிட்டது.