பதினேழாவது ஒட்டு

இதுவரைக்கும் நான் ஒட்டினது
கேற்று, கிறில், உழவு மெசின் பெட்டி,
வள்ளத்துக்கு நங்கூரம்.
எது விட்டாலும் ஆள் வந்து ஏசுவான்,
மறுகா ஒட்டிக் குடுப்பன்.
விட்டால் ஏசுறதுக்கு
ஆள் வராத வேலை
இது ஒண்டுதான்.

குழாய் கொழும்பிலிருந்து லொறியில வந்தது,
தையல் இல்லாத குழாய், ஒண்டரை அங்குலம்.
கார்ச் சீற்றைக் கழற்றி வெளியில போட்டுட்டு
றுஷ்தி கொப்பித்தாளில படம் கீறினான்.
"தலைக்கு மேல ஒரு வளைவு,
முதுகுக்குப் பின்னால ஒண்டு.
கார் எப்படிக் கவிழ்ந்தாலும்
நான் இருக்கிற இடம் மட்டும்
இடமாவே கிடக்க வேணும் அண்ணன்."

பதினேழு மூட்டு.
பதினாறைப் பகலில முடிச்சன்.
கடைசி ஒட்டு இரவில,
அக்கரைப்பற்று முழுக்கக் கரண்ட்
ஏறி இறங்கி விளையாடின நேரம்.
மேலால பார்த்தால் மீன் செதில் மாதிரி
வரிசை வரிசையா வடிவு.
உள்ளுக்குப் பிடிக்கல்ல எண்டு
என்ர மணிக்கட்டுக்குத் தெரியும்.

கறுப்புப் பெயின்ற் ஒரு பூச்சு,
என்னைத் தவிர ஒருவனுக்கும் தெரியாது.
வீட்டுக்குப் போனன்.
சோற்றைப் பிசைஞ்சன்.
பிசைஞ்ச சோற்றை அப்படியே மூடி வைச்சிட்டு
திரும்பி வந்து கிறைண்டரைப் போட்டன்.
பக்கத்து வளவுக்காரன் ஜன்னலைத் திறந்து
ஏசினது பத்தரைக்கு.
விடிய ரெண்டுக்கு வெறும் குறட்டைதான் கேட்டது.

இறக்காமத்துக்கு அங்கால
வெட்டின வயலில மண் ஓட்டம்.
மூண்டாம் சுற்றில வரம்பு தட்டி
முன்சில்லு மேல எழும்பினதைக் கண்டன்.
மறுகா புழுதி.
புழுதிக்குள்ள கார் உருண்டு உருண்டு
கூரை, வயிறு, கூரை.
எல்லாரும் உருண்ட தரத்தை எண்ணினாங்க.
நான் மூட்டுகளை எண்ணினன்.

தலைகீழாத் தொங்கிக்கொண்டு கிடந்தான்
வௌவால் மாதிரி, பட்டிக்குள்ள.
ஒருத்தன் பட்டியை விடப் போனான்.
"விடாத! முதல்ல கழுத்தைப் பிடி,
மறுகா பட்டியை விடு!"
கத்தினது யாரெண்டு தெரியாது.
பிடிச்சது நான்.
ஹெல்மெட்டுக்குள்ள மூச்சு
கொதிக்கிற கேத்தில் மாதிரி
என்ர கையில சுட்டது.

அம்பாறை ஆஸ்பத்திரியில
நெருப்புப் பிடிக்காத அந்த உடுப்பை
நேர்ஸ் நெஞ்சுக்கு நேர வெட்டினா.
அதில சிவப்பு நூலால
ஒரு பேர், ஒரு இரத்த வகை.
ரெண்டும் றுஷ்திர இல்லை.
கொழும்பில யாரோ போட்டுக் கழிச்சதை
இவன் அரைவிலைக்கு வாங்கினது.
"மிஸ், அது இவன்ர இரத்தமில்லை!"
அவ நிமிரல்ல.
சிங்களம் கலந்த தமிழில சொன்னா:
"துணியில எழுதினத நாங்க நம்புறல்ல.
எடுத்துப் பார்த்துத்தான் ஏத்துற."

எனக்குக் கறுப்புப் பெயின்ற் நினைவு வந்தது.
வாங்கில இருந்திட்டன்.

காரை எலும்பு ஒண்டு முறிவு.
ரெண்டு தோளிலயும் பட்டி கிடந்த இடம்
கத்தரிக்காய் நிறத்தில கண்டல்.
அவன்ர உம்மா அந்தக் கண்டலைத் தடவிப்போட்டு
அந்த விரலைக் கொஞ்சினா.

காரைக் கடைக்குக் கொண்டு வந்தாங்க.
கூடு ஒரு பக்கம் கோணிக் கிடந்தது.
பதினேழாவது மூட்டுக்கு நாலு விரல் தள்ளி
குழாய் வளைஞ்சிருந்தது.
ஒட்டு அசையல்ல.
பார்த்துக்கொண்டு நிண்டவன்
கடைக்குப் பின்னால போய் சத்தி எடுத்தன்.

மறுகிழமை றுஷ்தி வந்தான்,
ஒரு கை தூக்குத்துணியில,
மற்றக் கையில ஹெல்மெட்.
"இதை அறுங்க அண்ணன்."
"ஒரு கீறல்தானேடா, நல்லாத்தானே கிடக்கு?"
"அதான். நல்லாக் கிடக்கெண்டு
மச்சினன் சைக்கிள் ஓடக் கேட்கிறான்.
அறுங்க."

இரும்பு வாளுக்கு அது வேலையே இல்லை.
வெளி ஓடு பளபளத்தபடி ரெண்டாப் பிரிஞ்சது.
உள்ளுக்கு வெள்ளை றெஜிபோம்,
இடது காதுக்குக் கொஞ்சம் மேல
பெருவிரல் அளவில ஒரு பள்ளம்.

அவன் விரலை வைச்சுப் பார்த்தான்.
மறுகா நான்.