தேய்மானம்

கணக்கியல் புத்தகத்தின் மேல்
பூனை குட்டி போட்டுவிட்டது.
மூன்று. எல்லாம் சாம்பல்.
எடுக்கக் கூடாதென்று
கதவில் கைகளை விரித்து நிற்கிறாள் இன்பா.
எடுக்கவில்லை.

நீடாமங்கலம் கேட்டில் கூட்ஸ், இருபது நிமிடம்.
ஸ்கூட்டியை அணைத்துவிட்டு
மடித்து வைத்த குறிப்பைப் பிரித்தால்
மளிகைச் சீட்டு:
துவரம்பருப்பு ஒரு கிலோ, பென்சில், பேதி மாத்திரை நாய்க்கு.

கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பத்தொன்பது காட்டியது.
"காயவச்சுக் கொண்டாங்க" என்றேன்.
அவர் என்னைப் பார்க்கவில்லை,
மேற்கே கறுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தார்.
ராத்திரி தாளிக்கும்போது
அவருடைய கிழிந்த படுதா ஞாபகம் வந்து
கடுகு கருகியது.

ஞாயிறு. மன்னார்குடி. தேர்வு.
பதினான்காம் கேள்வி தேய்மானம்.
பூனைக்கு அடியில் கிடக்கும் அதே பாடம்.

எங்கள் எடைமேடை வாங்கிய விலையைப் போட்டேன்.
வருடத்துக்கு இவ்வளவு என்று கழித்துக்கொண்டே வந்தேன்.
கடைசியில் பூஜ்யமாகாது,
பழைய இரும்புக்காரர் ஏதாவது கொடுப்பார்.
அதையும் எழுதினேன்.

வெளியே வந்து போனை உயிர்ப்பித்தால்
செழியன் குரல்:
"ஒண்ணு கண்ணத் தொறந்துடுச்சு.
மூணும் தொறக்கலன்னு இன்பா அழுவுறா.
எப்ப வர்ற?"

திரும்பும்போது கேட் திறந்திருந்தது.
பழக்கத்தில் நிறுத்திவிட்டேன்.
பின்னால் ஹாரன் அடித்தார்கள்.