நாலாயிரம் ஹெர்ட்ஸ்

நொவீனா, ஏழாம் மாடி.
கதவைச் சாத்தினால் மழையே நின்றுபோகும் அந்தச் சிறிய அறைக்குள்
திரு ஹோல்கம்ப் முழங்காலை மடக்கி உட்கார்ந்தார்.
"இப்படி ஓர் அறை எங்கள் தூதரகங்களிலும் உண்டு,
உண்மையை அதற்குள்தான் பேசுவோம்.
வெளியே வந்தால் வேறு பேச்சு."

சத்தம் கேட்டதும் பொத்தானை அழுத்துங்கள் என்றேன்.
வலது காது பரவாயில்லை.
இடது காதில், நாலாயிரம் ஹெர்ட்ஸில்,
படி தவறியவனைப்போலக் கோடு விழுந்தது.
எந்த ஊர் என்று கேட்டுவிட்டேன்.
படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது.

"பாக்தாத். ஒரு வியாழக்கிழமை.
அப்புறம் விருந்துகளில் அதுவே வசதியாகிவிட்டது:
அவர்கள் அமைச்சர் எனக்கு வலப்பக்கம்,
எங்கள் ஜெனரல் இடப்பக்கம்."

பிறகு, நான் எதையுமே அனுப்பாதபோதும் அழுத்தினார்.
ஒருமுறை, இன்னொருமுறை, மொத்தம் ஆறு.
சார், இப்போது சத்தமே இல்லையே.
"மன்னிக்கவும், பழக்கம்.
சனாவில் நான்கு வருடம், அம்மானில் மூன்று.
யாரும் ஒன்றும் சொல்லாதபோது
தலையாட்டத்தான் சம்பளம்."

அரபியில் சோதித்துப் பாருங்களேன் என்றார்.
எங்களிடம் நான்கு மொழிப் பட்டியல் உண்டு, அரபி இல்லை.
மருந்தகத்திலிருந்து ஹுஸ்னா பாவாஸீரை அழைத்து வந்தேன்.
பூட்டனார் ஹத்ரமௌத்திலிருந்து கப்பலேறியவர்,
இவள் ஜொகூர் பாருவைத் தாண்டியதில்லை,
மதரஸாவில் படித்த அரபி.
உதடு தெரியாமல் அட்டையால் மறைத்துக்கொண்டு
ஒவ்வொரு சொல்லாக வாசித்தாள்.
உப்பு. கதவு. கழுதை. எல்லாம் சரி.
"வஅத்" என்றாள்.
"பஅத்" என்றார் அவர்.
இருவரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள்,
எனக்கு விளங்கவில்லை, தவறு ஒன்று என்று குறித்தேன்.
மின்தூக்கிக்குக் காத்திருக்கையில் ஹுஸ்னா சொன்னாள்:
முதலாவது வாக்குறுதி,
அவர் காதில் விழுந்தது 'பிறகு'.

இரண்டு வாரம் கழித்துக் கருவியைப் பொருத்தினேன்.
குளிர்சாதனம் முனகுகிறது என்றார்,
என் வளையல் கூர்மையாக இருக்கிறது என்றார்.
உத்தரவாதச் சீட்டை மடித்து நீட்டினேன்,
திடுக்கிட்டுப் பின்வாங்கினார்.
"காகிதம் இவ்வளவு சத்தம் போடுமா?"

முப்பத்தோரு வருடம்
இரவிரவாக அறிக்கை எழுதி வாஷிங்டனுக்கு அனுப்பிய மனிதர்.
சீட்டை இடது காதருகே கொண்டுபோனார்,
கசக்கினார், விரித்தார், மறுபடி கசக்கினார்.

வெளியே என் பத்தே முக்கால் நோயாளி
கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
அவசரமில்லை என்று
ஹோல்கம்ப்பிடம் சொன்னேன்.
கேட்டதா தெரியவில்லை.
தலையாட்டினார்.