ஆறு வரை

ஞாயிறு, காலை நாலே முக்கால்.
ஹெப்பாள் மேம்பாலம் தாண்டினால்
சாலை காலி.

ஆபரேஷன் மேசையில் படுத்தவர்களிடம்
தினமும் சொல்கிறேன்:
பத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்க.
ஏழைத் தாண்டி யாரும் வந்ததில்லை.

இன்று நான் எண்ணுகிறேன்.

பத்து.
மிதியைத் தரைவரை அழுத்துகிறேன்.
ஒன்பது.
இருக்கையோடு சேர்த்து யாரோ
என்னை அள்ளிக்கொண்டு போகிறார்கள்,
வயிறு மட்டும் எஸ்டீம் மாலருகே
இறங்கிக்கொண்டது.
எட்டு.
கன்னச் சதை காதுப் பக்கம் நகர்கிறது.
மஞ்சள் விளக்குகள் ஒட்டிக்கொண்டு
ஒரே கயிறாகின்றன.
எஞ்சின் சத்தம் காதில் இல்லை,
விலா எலும்பில்.

ஏழு.
ஏழில் நான் இருக்கிறேன்.
முழுசாக, கண் விழித்தபடி.
எண்பத்து நாலு மாதத் தவணை
எங்கேயோ பின்னால்
மூச்சிரைக்க ஓடி வருகிறது.

ஆறு. முள் நூறைத் தொட்டது.
காலை எடுத்தேன்.
வயிறு வந்து சேர்ந்தது,
கொஞ்சம் கோபமாக.

திரும்பும்போது பால் வண்டிக்குப் பின்னால்
இருபதில் ஊர்ந்தேன்.
சிக்னலில் அதன் டிரைவர் எட்டிப் பார்த்து,
"மேடம், மைலேஜ் எஷ்டு?"

"ஆறு" என்றேன்.

"அய்யோ பாவம்" என்று
முதலில் போகச் சொல்லி
வழிவிட்டார்.